லேடீஸ் பெட்டியில் ஏறாதவள்

எங்கள் தங்கையை நாங்கள் லேடீஸ் பெட்டியில் ஏற விட்டதே இல்லை. மாட்டுங்காவில் மின்சார ரயில் நின்றதும் அண்ணன்மார் மூவரும் அவளைச் சுற்றி அரண்போல் நின்று, ஆண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவோம். "லேடீஸ்ல ஏறினா சண்டை போடக் கத்துண்டு வருவா" என்பது அப்பாவின் கட்சி. அதற்குப் பெரிய வக்கீல் நான். பி.ஏ. படித்த மடையன்.

வீட்டில் அவள் வாயைத் திறந்தால் போதும். "கொஞ்சம் ரசம்" என்பாள். "கொஞ்சூண்டு ரசமாம்" என்று மூவரும் அவள் குரலிலேயே இழுப்போம். அப்பா சிரிப்பார். நாளடைவில் அவள் கேட்பதை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் நகர்த்தினாள். நாங்கள் நசுக்கியதற்கு அடக்கம் என்று பெயர் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம்.

கீழ் வீட்டில் நாலும் பெண்கள். ஒரு சீப்புக்காக அவர்கள் போடும் சத்தம் மாடிவரை கேட்கும். "மீன் மார்க்கெட்" என்பேன் நான். அந்தப் பெண்கள் காய்காரனோடு மராத்தியில் மல்லுக்கட்டினார்கள். லேடீஸ் பெட்டியில் முட்டி மோதி இடம் பிடித்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் தங்கை டைப்ரைட்டிங் ஹையர் தேறினாள். ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீஸில் இன்டர்வியூ. அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே புடவையை இஸ்திரி போட்டு, கசங்காமல் நாற்காலியில் விரித்து வைத்திருந்தாள்.

நானும் கூடவே உள்ளே நுழைந்தேன். அதிகாரி பெயரைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். படிப்பைக் கேட்டார். அதையும் நானே சொன்னேன்.

"வேலை உங்களுக்கா, இவங்களுக்கா?"

"கூச்ச சுபாவம் சார்" என்று பல்லை இளித்தேன்.

அவள் ஒரு பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தாள். அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "டெலிபோனும் எடுக்கணுமேம்மா, பேசுவீங்களா?" என்றார். அதற்கும் அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அந்த வேலை கீழ் வீட்டு இரண்டாவது பெண்ணுக்குக் கிடைத்தது. "வாயாடிகளுக்குத்தான் காலம்" என்றேன் வீட்டில். தங்கை அந்தப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் செம்பூரில் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன். "அந்த வேலையைக் கெடுத்தது நான்தான். என் மேல கோபம் உண்டா?"

அவள் பக்கத்திலிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கென்ன கோபம்?" என்றார் அவர். "நீங்க காபி சாப்பிடுங்கோ."