மஞ்சள் சட்டையும் கறுத்துப்போன தே ஓவும்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு பிளீச் வாடைதான்...

சுங்கை லாலாங் பக்கம் எஸ்டேட் வீடு. குழாயில் போரிங் தண்ணீர். பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் அடியில் செங்கல் நிறத்தில் படியும். குழாய் வாயில் அப்பாவின் பழைய கைலிச் சாரத்தைக் கிழித்துக் கட்டியிருப்போம். அதுதான் எங்கள் ஃபில்டர்.

வெள்ளை ஸ்கூல் சட்டை இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிடும். அம்மா பிளீச் ஊற்றி ஊறவைப்பார். இன்னும் மஞ்சளாகும். இன்னும் ஊற்றுவார்... எஸ்டேட்டில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான்.

டவுன் பிள்ளைகள் நடுவே அசெம்பிளியில் நிற்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கோபம் முழுக்க வீட்டில் அம்மா மேல்தான் இறங்கும்.

"ஒங்களுக்கு ஒழுங்கா தொவைக்கவே தெரியாதாம்மா?"

அம்மா மறுபடியும் பிளீச் பாட்டிலைத் திறப்பார்.

பிறகு சுங்கை பட்டாணியில் கையுறை ஃபேக்டரி. தண்ணீர் பரிசோதிக்கும் லேப்பில் எனக்கு வேலை. முதல் வாரமே விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் தண்ணீரில் இருந்தது இரும்பு. பிளீச் பட்டால் அது துருவாகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அம்மாவிடம் கத்தியதெல்லாம் அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது.

போன வருடம் கோலா கெத்திலில் வீடு வாங்கினோம். அங்கேயும் போரிங்தான். மகள் ஒன்றாம் ஆண்டு சேரவிருந்தாள், புதுச் சட்டை அலமாரியில் தயார். ஃபில்டர் விற்க ஒரு தம்பி வந்தார்.

"அக்கா, இது கடினத் தண்ணி. அதப் போக்குற சாஃப்ட்னர் மெஷின் ஒன்னு போட்டா எல்லாம் செட்டல் லா."

என் வீட்டுக்காரர் அதற்குள் தலையாட்டிவிட்டார்.

நான் வாளித் தண்ணீரில் சோப்பைக் கலக்கினேன். நுரை பொங்கியது. அதே குழாயில் வேறு தண்ணீர் பிடித்துக் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு, பால் சேர்க்காமல் ஒரு தே ஓ போட்டேன். மை மாதிரி கறுத்துவிட்டது.

"கடினத் தண்ணில சோப்பு இப்படி நொரைக்குமா தம்பி? தேயிலை பட்டதும் இப்படிக் கறுக்குதுன்னா இது இரும்பு. சாஃப்ட்னர் சீக்கிரம் கெட்டுப்போயிரும். இரும்பு புடிக்கிற ஃபில்டர் இருந்தா கொண்டாங்க."

தம்பி அந்தக் கிளாஸையே பார்த்தார். "அக்கா எங்க வேலை செய்றீங்க?"

சொன்னேன். மறுவாரம் சரியான ஃபில்டர் வந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை, எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அன்று சாரத்துணி, இன்று வாசலோரம் ஆளுயர ஃபில்டர்...

ஆறு மாதம் கழித்து வந்திருந்த அம்மா, கொடியிலிருந்த பேத்தியின் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பிளீச் போடலியா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா. நா ஸ்கூல் படிச்சப்பவும் தப்பு ஒங்க மேல இல்ல, தண்ணி மேலதான். நாந்தான் தெரியாம கத்திட்டேன்."

அம்மா சட்டையை நிதானமாக மடித்தார்.

"அப்ப நா நல்லாத்தான் தொவைச்சிருக்கேன்."