யாரைப் பிடிச்சீங்க?

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

எடமலைப்பட்டி புதூரில் ஓர் அம்மாவும் மகளும் ஏறி, எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா போனில் நாத்தனாரிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கவர்மென்ட் காலேஜ்லதான் கிடைச்சிருக்கு அண்ணி. வேற பாத்துட்டு இருக்கோம்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பெண் குனிந்து கேட்டார். "நம்ம கவர்மென்ட் காலேஜா? எங்க அண்ணன் பொண்ணுக்கு அங்க கிடைக்கவே இல்லங்க. நீங்க யாரைப் பிடிச்சீங்க?"

"யாரையும் பிடிக்கல. மார்க்லயே கிடைச்சிடுச்சு" என்றாள் மகள்.

"சொல்ல மாட்டீங்க" என்று சிரித்தார் அவர்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் மறுபடியும் போன். இந்த முறை பஸ்ஸுக்கே கேட்டது.

"அண்ணி, அங்கயே சேத்துடறோம். லேசுல கிடைக்காதாம். பெரிய இடத்துல சொல்லித்தான் வாங்கினோம்."

"அம்மா! அது என் மார்க்குக்குக் கிடைச்சது."

"சும்மா இருடி. மார்க்குன்னு சொன்னா யாரு மதிப்பா?"

நான் பாடம் எடுப்பது அந்தக் கல்லூரியில்தான். அட்மிஷன் கமிட்டியிலும் இருக்கிறேன். மதிப்பெண் வரிசைப்படி கூப்பிட்டுச் சீட் கொடுக்கிறோம், அவ்வளவுதான். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் என் ஸ்டாப், அம்மா மண்டபம், வந்துவிட்டது.

முதல் வகுப்பில் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது, சொல்லுங்கள்.

அந்த ஸ்டாப்பில் இறங்கிய பெரிய இடம், ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தது.