ஹெட்போன் இசைவாணி

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காளீஸ்வரன் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், ஞாயிற்றுக்கிழமை அவன் ஷட்டரைத் தூக்கும்போதே இசைவாணி வாசலில் நிற்பாள். பிளஸ் டூ முடித்துவிட்டு அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண். மதுரையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து, இந்த வெடிமருந்து வேலையைத் தலைமுழுகிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

காளீஸ்வரனுக்கு ஆங்கிலம் அரைகுறை. வாத்தியார் வேஷமெல்லாம் அவன் போடவில்லை. இணையத்தில் ஓர் அகராதியைத் திறந்து, வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் படத்தைக் காட்டினான்.

"இத அமுக்கு தாயி, அதுவே வாய்விட்டுச் சொல்லும். நான் எதுக்கு?"

அவ்வளவுதான் அவன் செய்த உபகாரம். மற்றதெல்லாம் அவளுடைய கெட்டிக்காரத்தனம். கம்பெனியில் தினமும் பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளில் இருக்கும் வார்த்தைகளிலிருந்து தொடங்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பாள். அந்த வார்த்தை வரும் வாக்கியங்களைத் தேடிப் படிப்பாள். மறுவாரம் அந்த அகராதித் தளத்திலேயே இருந்த கேள்வி விளையாட்டில் தன்னைத் தானே சோதித்துக்கொள்வாள். அவள் 'டிஸ்டன்ஸ்' என்று சொன்னால், ஹெட்போனுக்குள் இருந்த வெள்ளைக்காரி வெளியே வந்துவிட்டாளோ என்று காளீஸ்வரன் திரும்பிப் பார்ப்பான்.

வேலைக்கு மனுப் போட்டாள். பிரவுசிங் சென்டரின் போன் நம்பரைக் கொடுத்தாள். போனிலேயே இன்டர்வியூ என்று பதில் வந்தது.

2008 தீபாவளி சீசன். கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும்போது ஒன்று வெடிக்காமல் கிடந்தது. நமுத்துப்போனது என்று குனிந்து எடுக்கப் போனாள். முகத்தருகே வெடித்தது. பெரிய காயமில்லை. காதுக்குள் மட்டும் ஙொய்யென்று ஒரு சத்தம். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இங்கே காது இரைவதை யார் நோயென்று நினைத்தார்கள்?

"எனக்கெல்லாம் எம்புட்டுத் தடவ அடைச்சிருக்கு! ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று அம்மா பாலம்மாள் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வாரங்கள் போயின. சத்தமும் போயிற்று, கூடவே இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. "நாள் கடத்திட்டீங்களேம்மா" என்றார் டாக்டர்.

இன்டர்வியூ நாளன்று இசைவாணி புதுத் தாவணியில் வந்தாள். காளீஸ்வரன் வேண்டாமென்று கையசைத்தான்.

"மொதல்ல நம்மளப் பத்தித்தான் கேப்பாகளாம்ணே. அத நல்லாச் சொல்லிட்டா எடுத்துக்கிருவாக" என்றாள்.

மணி அடித்தது. ரிசீவரை அவள் கையில் கொடுத்தான். பேர், ஊர், படிப்பு என்று அத்தனை அழகாகப் பேசினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் நடுவில் எதையோ கேட்பதும், மறுபடி கேட்பதும், 'ஹலோ, ஹலோ' என்பதும் பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்டது. பிறகு லைன் துண்டிக்கப்பட்டது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ரிசீவரை வாங்கக் கை நீட்டியவனுக்கு மனசு வரவில்லை.

'தேங்க் யூ' சொல்லி ரிசீவரை வைத்தாள். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"தப்பில்லாமச் சொன்னேனாண்ணே?"

காளீஸ்வரன் ஆமென்று தலையை ஆட்டினான்.