மாப்பிள்ளை கட்டிய சுவர்

மேஸ்திரிக்கு மட்டம் என்று பட்டப்பெயர். அவர் எழுப்பிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவை விட்டு நகராது. அந்த மமதையும் அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை. வாய்த்த மாப்பிள்ளையும் கொத்தனார்தான். ஆனால் அந்தப் புண்ணியவான் தொட்ட சுவரெல்லாம் உண்ட மயக்கத்தில் ஒரு பக்கமாகச் சாயும். இனி என் சைட்டில் இவன் கரண்டியைத் தொட்டால் என் பேர் நாறிவிடும் என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் துரத்திவிட்டார். அன்றோடு மகள் அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரே மகள். மனுஷன் உள்ளுக்குள் நொறுங்கிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் பாழடைந்த ஐஸ் பேக்டரியை நவீனக் கலைக்கூடமாக்கும் வேலை வந்தது. ஐஸானாலும் கலையானாலும் கட்டடம் ஜில்லென்று இருக்க வேண்டுமாம், அதனால் பெரிய மாற்றமில்லை. முகப்புச் சுவர் மட்டும் சாய்ந்து நிற்க வேண்டும் என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா. நேர்ச்சுவர் பார்ப்பவர்களை அதட்டுகிறதாம். மேஸ்திரி அளந்து சாய்த்துக் கட்டினார். கணக்குத் தெரிகிறது, இடியுங்கள் என்றார் அம்மா. கை தன்னையறியாமல் சாய்க்க வேண்டுமாம். மேஸ்திரி நேர் பார்க்கிற தூக்குக்குண்டை வீசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுகூடக் கட்டிப் பார்த்தார். பாழாய்ப் போன சுவர் விறைப்பாக நின்றது.

அதையும் இடித்த பிறகு, அறியாமலே கோணலாகக் கட்டுகிற ஆள் யாராவது தெரியுமா என்று அம்மா கேட்டார். தெரியுமாவாவது! மேஸ்திரி மானத்தை விழுங்கிக்கொண்டு மகள் வீட்டுப் படியேறினார். அவள் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு செவரு இருக்கு மாப்ள. உங்க கைதான் அதுக்கு வேணும்" என்றார். ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திறப்பு விழாவில் வந்தவர்களெல்லாம் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தார்கள். என்ன துணிச்சல், என்ன விடுதலை என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆர்க்கிடெக்ட் அம்மா கண்கலங்கவே செய்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைக் குனிந்தபடி மாமனார் பக்கம் வந்து நின்றார். மகளும் பின்னாலேயே வந்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்க பேரு கெடக் கூடாதுன்னு வரிக்கு வரி தூக்குக்குண்டு விட்டுப் பாத்துத்தான் கட்டினேன். நேரா வரும்னுதான் நெனச்சேன்."

மேஸ்திரி தொழிலில் ஒருநாளும் பொய் சொல்லியறியாத மனுஷன். சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு மாப்ள."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துட்டுப் போங்கப்பா" என்றாள்.