சாமி இல்லாதவருக்கு ஒரு வாழ்த்து அட்டை

தையல்காரி வாழ்த்து அட்டை அனுப்புவதை நிறுத்தினால் தபால் நிலையத்தையே இழுத்து மூடவேண்டியதுதான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். தபால்காரர் சற்றுச் சீக்கிரம் வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். குடியிருப்பில் யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அவரவர் பண்டிகைக்கு அவளுடைய அட்டை போய்ச் சேர்ந்துவிடும்.

மாடியில் இருக்கும் கடிகாரக் கடைக்காரருக்கு மட்டும் போனதில்லை. சாமியே இல்லை என்பவரை எந்தப் பண்டிகைக்கு வாழ்த்துவது? கிண்டல் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டால்? இந்த வருடம் துணிந்து எழுதினாள்: "ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு விடுமுறை. நன்றாகத் தூங்கி எழ வாழ்த்துகள்."

அட்டை கிடைத்ததும் மனிதர் உர்ரென்று படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, எல்லார் பெட்டியிலயும் கார்டு விழுது, எனக்கு மட்டும் கரண்ட் பில்லு. நான் என்ன பாவம் பண்ணேன்னு இத்தனை வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

"பாவத்தையெல்லாம் நீங்க நம்பமாட்டீங்களேண்ணே!"

அவர் சிரித்துவிட்டார். அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் தையல்காரி.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "தெரியுமா? கார்டைப் போட்டுட்டு, திரும்ப எடுக்கிறேன்னு தபால் பெட்டிக்குள்ள கையை விட்டு, வளையல் மாட்டிக்கிட்டு நின்னது யாராம்?"