குளிர்ந்த வீடும் கொதித்த வாட்ஸ்அப் குரூப்பும்

சில வருடங்களுக்கு முன், டெக்ஸாஸில் ஹூஸ்டன் பக்கம் நாங்கள் சொந்த வீடு வாங்கிப் போன பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போன என் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும், இருமல் விட்டும் விடாமலும் இருந்த எட்டு மாத மகளும்தான்.

வெயிலுக்குப் பழகிய ஊர் அது. எப்போதாவது உறைபனி வந்தால் ஊரே படுத்துவிடும். அன்றும் ராத்திரி போன கரண்ட் காலையில்தான் வந்தது. அப்பாடா என்று ஹீட்டரைப் போட்டால், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 'ஹீட்' என்கிறது. மேலே காற்று வரும் துவாரத்தில் கையைக் காட்டினால் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் கிடையாது. கோடையில் ஏசியாகவும் குளிரில் ஹீட்டராகவும் ஓடும் ஹீட் பம்ப் ஒன்றுதான் கதி. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். அதன் வெளிப்பெட்டி முழுக்க ஐஸ் கட்டிக் கிடந்தது.

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு விஷயத்தைப் போட்டேன். அவ்வளவுதான், என் வீட்டைத் தவிர மற்ற எல்லாம் சூடாகிவிட்டது! அத்தனை பேரும் இன்ஜினீயர்கள் அல்லவா? கரண்ட் பிரேக்கரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்றார் ஒருவர். மெயின் பிரேக்கர் பெட்டி இருக்கும் கராஜுக்குப் போய்ப் பண்ணினேன். வெந்நீர் ஊற்றுங்கள் என்றார் இன்னொருவர். ஊற்றவே கூடாது, அதுவும் சேர்ந்து உறையும் என்று வேறொருவர் சண்டைக்கு வந்தார். இருவரும் மாறி மாறி யூடியூப் லிங்க் போட்டுக்கொண்டார்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்ட குழந்தையைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் நெருங்கிய தோழி வீடியோ காலில் வந்தாள். அடுத்த தெரு, நடந்தே போகலாம். அவள் வீட்டில் கேஸ் ஹீட்டர். கரண்ட் வந்ததுமே வீடு சூடாகிவிட்டதாம். அவள் கணவர் அரைக்கை டி-ஷர்ட்டில் சோபாவில் சாய்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, "கேமராவ யூனிட் பக்கம் காட்டுங்க... தெர்மோஸ்டாட்ட எமர்ஜென்சி ஹீட்ல போடுங்க" என்றார். வெளிப்பெட்டி உதவாதபோது உள்ளே இருக்கும் மின்கம்பியைக் கொண்டே சூடாக்கும் ஏற்பாடு அது. போட்டேன். அதே சில்லென்ற காற்று. "அப்போ டெக்னீஷியனத்தான் கூப்பிடணும்" என்றார். அன்றைக்கு எந்த டெக்னீஷியன் போனை எடுத்தான்!

தோழி குழந்தையைக் காட்டச் சொன்னாள். "அச்சச்சோ, மூக்கெல்லாம் செவந்து போச்சே செல்லத்துக்கு!" என்று கொஞ்சினாள். இதோ, கிளம்பி வா என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். மனதுக்குள் டயப்பர் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். "ஏதாவதுன்னா கால் பண்ணு, ஓகேவா?" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் வரட்டுமா என்று நானே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அவள் பிரசவத்துக்கு அவள் அம்மாவுக்கு விசா கிடைக்காமல் போனபோது, பத்தியச் சாப்பாடு என் அடுப்பிலிருந்துதான் போனது. அதை அவள் என்னிடம் கேட்டா வாங்கினாள்? கேட்கும்படி நான் விடவே இல்லையே.

அழுதுகொண்டே இன்னொரு கம்பளியைத் தேடி மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையைத் திறந்தேன். ஹீட் பம்பின் உள்பெட்டி அங்கேதான் இருக்கிறது. அதிலேயே தனியாக இரண்டு பிரேக்கர்கள். ஒன்று ட்ரிப் ஆகிப் பாதியில் நின்றிருந்தது. குரூப்பில் யாரும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. முழுக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில், தூசி கருகும் வாசனையோடு வெதுவெதுப்பான காற்று வந்தது. அந்தத் துவாரத்துக்குக் கீழேயே குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரியாகிவிட்டது என்று குரூப்பில் போட்டேன். கைதட்டல், கும்பிடு, பூங்கொத்து எல்லாம் வந்தன. எமர்ஜென்சி ஹீட் நான்தானே சொன்னேன் என்று எழுதினார் தோழியின் கணவர். அதற்குக் கீழேயே, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அடுத்த வார பாட்லக் விருந்துக்கான மெசேஜ்: "சாம்பார் சாதம் எப்பவும்போல நீங்கதானே?" செய்து எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, மனசு தாங்காமல் தோழியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "லூசு, வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள். சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனால் என் மகளின் சிவந்த மூக்கை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அதற்கு மேலும் எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.