ஆறாவது ஞாயிறு

இரண்டு வருடங்களுக்கு முன், கோடையில் நெல் செய்யும் ஒரு சிறுபோகத்தில், உருத்திரபுரம் பக்கத்தில் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தரும் சிறு குளத்தில் நடந்தது இது. அப்போது நான் எங்கள் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் செயலாளர். அளவுகோலில் நீர்மட்டம் பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் நாளாந்த வேலை. மழையில்லாத நாட்களில் மட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக இறங்கும். இரண்டு நாள் அளவு கிடைத்தால் இருபதாம் நாள் மட்டத்தை வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துருசு என்று நாங்கள் சொல்லும் மதகின் முன்னால் ஒரு ஏக்கர், அதாவது பதினாறு பரப்பு அளவில் ஒரு குடா. ஒரு ஞாயிறு அதில் அரைப் பரப்புக்கு சல்வீனியா என்ற மிதக்கும் களை படர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு ஒரு பரப்பு. வாரம் அரைப் பரப்பு கூடுகிறது என்று கூட்டல் விருத்தியில் போட்டுப் பார்த்தேன். குடா மூட முப்பத்திரண்டாவது ஞாயிறு ஆகும். அறுவடைக்குப் பிறகு ஊரே சேர்ந்து உழைக்கும் சிரமதானம் வைத்து அள்ளலாம் என்று கூட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு, ஒன்றரை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. அளந்த கயிறு தொய்ந்திருக்கலாம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். நான்காவது ஞாயிறு நான்கு பரப்பு. மூன்று முறை அளந்தேன். குளத்தில் மீன் பிடிப்பவர் ஒருவர் தோணியில் இருந்தபடி சிரித்தார்.

"என்ன அண்ணை, இலைக்கு உங்கட கொப்பி வாசிக்கத் தெரியேல்லையோ? இது தண்ணி வத்துற கணக்கில்லை. ஒண்டு ரெண்டாகும். அந்த ரெண்டும் சும்மா கிடக்குமோ? அதுகளும் குட்டி போடும்."

குளக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். அரை, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. ஆறாவது ஞாயிறு! இன்னும் பதினான்கு நாள். பயிர் அப்போது கதிர் தள்ளும் பருவம். களை துருசை அடைத்துத் தண்ணீர் நின்றால் அத்தனை பேருடைய நெல்லும் பதராகிவிடும்.

அன்று பின்னேரமே கூட்டம் கூட்டினேன்.

"அறுவடைக்குப் பிறகெண்டு நீங்கள்தானே வாசிச்சனீங்கள்?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா, பிழை என்ர" என்றேன்.

எல்லோரும் ஒன்றுசேரக்கூடிய முதல் நாளான ஐந்தாவது ஞாயிறு விடிய நாற்பது பேர் தண்ணீரில் இறங்கினோம். எட்டுப் பரப்பு பச்சை. மற்ற எட்டுப் பரப்பில் தண்ணீர் தெளிந்து வானம் தெரிந்தது.

"அரைவாசி வெறுமையாக் கிடக்குது, இதுக்கோ இந்த அந்தரமும் அவசரமும்?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அரைப் பரப்பிலிருந்து இவ்வளவு தூரம் வர நான்கு வாரம் எடுத்த களைக்கு, மீதிக் குடாவை மூட ஏழே நாள் போதும். அந்த வேகத்தில் ஒரு சத்தமும் இல்லை. நகம் அளவு இலைகள் ஒன்றையொன்று மெல்லத் தள்ளிக்கொண்டு மிதந்தன.

இரண்டு நாள் அள்ளினோம். தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்தது. நெல்லும் வீடு வந்தது.

இப்படி மடங்கு மடங்காகக் கூடும் பெருக்கல் விருத்தியின் உறுப்புகளைக் கண்டுபிடித்துப் பள்ளியில் எத்தனையோ புள்ளி வாங்கியவன் நான். அது உயிரோடு என் இடுப்பைச் சுற்றி நின்றதைக் கண்ட பிறகு, எதையும் இரண்டு முறை அளந்துவிட்டு மூன்றாவதை நானே எழுதிவிடும் துணிவு எனக்கு வருவதில்லை.